எனக்குப் பின்னாடி நிக்கிறவ

எங்கள் பிளாக்கில் யாருக்கும் பெயர் கிடையாது.
கூடூர், செய்யாறு, பரமக்குடி,
இரண்டாம் மாடியில் பாலசோர்.
நான் புளியங்குடி.
முப்பிடாதி என்று சொன்ன முதல் நாள்
"இன்னாது?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு
ஊரைக் கேட்டாள் செய்யாறு.
ஊர் பிடித்திருந்தது. வைத்துக்கொண்டாள்.

கொருக்குப்பேட்டையில் விடிகாலை நாலு மணிக்கு
அடிபம்பின் முன்னால்
இந்த ஊர்களெல்லாம் குடத்தோடு நிற்கும்.
நடுவில் எத்தனை ஆறு, எத்தனை ஜங்ஷன்,
ஒன்றும் தெரியாது.
பரமக்குடியை ஒட்டிக் கூடூர்,
கூடூரின் இடுப்பை இடித்துக்கொண்டு பாலசோர்.

வந்த புதிதில் நான் "ஏளா" என்றால் சிரிப்பார்கள்.
அவர்கள் "வாம்மே" என்றால்
திட்டுகிறார்கள் என்று எனக்கு அழுகை வரும்.
வீட்டுக்காரருக்கு கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட்.
மாமியார் வாய் திறப்பது
குக்கர் விசில் எண்ண மட்டும்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் குமட்டும்.
அது கர்ப்பமில்லை, கம்பெனி நாத்தம்
என்று சொன்னது செய்யாறு.
அடுத்த மாதம்
இது கம்பெனி இல்லை, கர்ப்பம்தான்
என்று சொன்னதும் அவள்தான்.

பெரிய அன்பெல்லாம் கிடையாது.
என் குடத்தை நகர்த்தி வைத்ததற்காகப்
பரமக்குடியோடு எட்டு நாள் நான் பேசவில்லை.
அப்பா வீட்டு ரேஷன் கார்டில் என்னை நீக்கியாகிவிட்டது,
இங்கே இன்னும் சேர்க்கவில்லை.
எந்தக் கார்டிலும் இல்லாதவளாக
வெறும் தூக்கோடு கடையிலிருந்து திரும்பினேன்.
ஒன்பதாம் நாள் அது.
தன் பாமாயில் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து
பாதியை என் தூக்கில் ஊற்றினாள்.
அப்போதும் பேசவில்லை.

ஐப்பசி மழையில் கூடூருக்கு வலி கண்டது.
அவள் அம்மா வந்த ரயில் சூலூர்பேட்டை தாண்டவில்லை.
புருஷன் லாரியோடு ஓசூரில்.
ஆட்டோ கேட்டில் நின்றது.
சரக்கு ரயில், ஐம்பது பெட்டி,
பாதி போய் அதுவும் நின்றுவிட்டது.
பாலசோர் தன் மொழியில் ரயிலைத் திட்டினாள்.
அர்த்தம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.
கேட் திறப்பதற்குள் பனிக்குடம் உடைந்து
என் சேலை, செய்யாறின் நைட்டி, சீட் எல்லாம் நனைந்தது.
சீட்டுக்குத் தனியாக ஐம்பது என்றான் டிரைவர்.
"பொறக்கட்டும், உன் பேரயே வெச்சுடறோம்,
வண்டிய எடு நைனா."

ராயபுரம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள்
நிமிராமல் கேட்டாள்:
"பேஷண்ட் பேரு?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
வலிக்கு நடுவில் அவளே சொன்னாள்: மஸ்தானம்மா.
மூன்று வருடமாக இரண்டு குடம் தள்ளி நிற்கிறேன்,
அன்றுதான் கேட்டேன்.

"நீங்க அவங்களுக்கு யாரு?"
"தண்ணி வரிசையில
எனக்குப் பின்னாடி நிக்கிறவ" என்றாள் பரமக்குடி.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அக்கா என்று எழுதிக்கொண்டு
சத்தம் போடாமல் உட்காரச் சொன்னாள்.

செய்யாறு வீட்டுப் பருப்பு டப்பாவில்
எங்கள் சீட்டுப் பணம் இருக்கிறது.
மாதம் நூறு. குலுக்கல் இல்லை.
யாருக்கு ஊருக்குப் போக வேண்டுமோ அவளுக்கு.
போகவர டிக்கெட், அதுதான் கணக்கு.
சித்திரையில் ஒரு ராத்திரி
கன்னம் வீங்கி வந்து நின்றாள் பரமக்குடி.
யாரும் காரணம் கேட்கவில்லை.
"போகவரவா?" என்றாள் செய்யாறு.
"போக மட்டும்."
வருவதற்கானதையும் சேர்த்தே
கையில் திணித்தோம்.

அவளுடைய பச்சைக் குடம் இன்னும் பம்படியில் இருக்கிறது.
தினமும் நாலு மணிக்கு
யாராவது அதை ஓர் அடி நகர்த்துகிறோம்.
முறை வந்ததும் நிரப்பி
முதல் மாடியில் புதிதாக வந்தவளின்
வாசலில் கொண்டுபோய் வைக்கிறோம்.
வந்து பத்து நாள் ஆகிறது.
எந்த ஊர் என்று தெரியவில்லை.
கதவைப் பாதிதான் திறக்கிறாள்.
குடம் நுழைய அது போதும்.